கொல்லைக் குட்டைக் கரைக்கு ஏற்ற உயரச் செடிகள்



கொல்லைக் குட்டையின் கரைமண் சரியாமல் இருக்கவும், மீன்களுக்கு நிழல் கிடைக்கவும் ஓரத்தில் உயரமான செடிகள் தேவை. ஆனால் தவறான செடியை நட்டால் சில ஆண்டுகளில் குட்டையே தூர்ந்துவிடும்.

பழுப்பு நிறக் கதிர் விடும் சம்பங்கோரையை அழகுக்காக நடாதீர்கள். அதன் கிழங்கு சேற்றுக்குள் ஓடிப் பரவும். பஞ்சு விதை பறந்து அண்டை வயலின் வாய்க்காலிலும் முளைக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கும் வேண்டாம். ஒடிந்த தண்டு ஒதுங்கிய இடத்தில் வேர்விடும்; தழை கால்நடைகளுக்கு நஞ்சு.

வசம்பும் கல்வாழையும் ஏற்றவை. முளையுள்ள வசம்புக் கிழங்குத் துண்டுகளை ஓரச் சேற்றில் 30 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். சுமார் ஓராண்டில் கிழங்கு எடுக்கலாம். கல்வாழையை மண்தொட்டியில் நட்டு, தொட்டியின் மேல் 10 செ.மீ. தண்ணீர் நிற்குமாறு இறக்கினால் பரவாது.

கரை முழுவதையும் அடைக்காதீர்கள். நெருங்கிய தண்டுகளுக்கிடையே மீன் நுழையாது, கொசுப்புழு தப்பிவிடும். காய்ந்த இலைகளை அவ்வப்போது அறுத்து எருக்குழியில் இடுங்கள்.

சம்பு ஏற்கெனவே புகுந்துவிட்டதா? தண்ணீருக்கு மேலே அறுத்துப் பயனில்லை. தண்டின் வழியாகத்தான் கிழங்குக்குக் காற்று போகிறது. காய்ந்த தண்டும் காற்றைக் கொண்டுசெல்லும். ஆகவே கதிர் முற்றுமுன், பச்சைத் தண்டு, காய்ந்த தண்டு எல்லாவற்றையும் நீர்மட்டத்துக்குக் கீழே அறுங்கள். துளிர்த்தால் மறுபடியும் அறுங்கள். காற்றில்லாமல் கிழங்கு அழுகிவிடும்.

எந்தச் செடியையும் அது பரவும் விதம் அறிந்து நடுங்கள். கோடையில் உங்கள் குட்டையில் தண்ணீர் தங்க இடமிருக்கும்.