ஆளை விடுங்கள், அறிக்கையை எடுங்கள்!

(கிருலப்பனையில் ஆற்றிய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற்கு வரும் வழியிலே, கிருலப்பனைச் சந்தைக்கு அருகில் அன்பர் ஒருவர் எம்மை மறித்தார். முதன்முறையாக அரசியலில் இறங்கியிருக்கும் ஓர் அபேட்சகரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாயிருக்கிறது. ஆள் எப்படி, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். "ஆளைப் பற்றி எமக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை" என்றோம். அன்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நாம் நழுவுகிறோம் என்று எண்ணிவிட்டார். நழுவவில்லை, தோழர்களே! ஆளைப் பார்த்து ஏமாந்து ஒருமுறை சூடுபட்ட இனம் நம்முடையது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கா கொழும்பில் தமது இல்லத்திலே சுடப்பட்டார், மறுநாள் மாண்டார். அவருடைய துணைவியார் சிறிமாவோ அம்மையார் அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றவரல்லர். பாராளுமன்றத்தில் ஒரு நாளேனும் அமர்ந்தவரல்லர். மகளிர் சங்கத்தின் மூலம் கிராமத்துப் பெண்களிடையே தொண்டு செய்தவர். மூன்று பிள்ளைகளின் தாய். 1960 மார்ச்சுத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. டட்லி சேனநாயக்கா அமைத்த அரசு ஏப்ரல் மாதத்திலேயே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் வீழ்ந்தது. வீழ்த்தியவர்களுள் தமிழரசுக் கட்சியினரும் இருந்தனர். மீண்டும் ஜூலையிலே தேர்தல். இம்முறை சுதந்திரக் கட்சியின் தலைவி சிறிமாவோ அம்மையார்.

அவ்வேளை நாட்டில் எழுந்த பேச்சு எது? அம்மையாரின் ஆட்சி எப்படியிருக்கும் என்பதன்று. அம்மையார் எப்படிப்பட்டவர் என்பதே! எதிரணியினர் "அழுகின்ற விதவை" என்று எள்ளினர். அடுப்பங்கரையை விட்டு வந்தவருக்கு அரசாங்கம் எதற்கு என்றனர். கணவரின் குரலை ஒலிப்பதிவு நாடாவிலே கூட்டங்களில் ஒலிக்கச் செய்கிறாரே என்று பழித்தனர். கைம்மையைக் கேலிசெய்தவர்கள் மீது மக்களுக்கு வெறுப்பு உண்டாயிற்று, அது நியாயமே.

நம்மவரோ வேறுவிதமாக ஏமாந்தனர். துயரம் அறிந்த தாய், வன்செயலின் கொடுமையைத் தம் வீட்டு வாசலிலே கண்டவர், நமக்கு அநீதி இழைக்கமாட்டார் என்று நம்மிற் பலர் நெஞ்சிளகினர். தங்கள் கோரிக்கைகளுக்குச் சுதந்திரக் கட்சியினர் இணங்கினர் என்று தமிழரசுத் தலைவர்கள் கூறியதும் அந்த நம்பிக்கைக்கு நீர் வார்த்தது. இகழ்ந்தவரும் ஆளைப் பார்த்தனர். இளகியவரும் ஆளைப் பார்த்தனர்.

அம்மையார் மறைத்துப் பேசவில்லை, தோழர்களே! கணவரின் கொள்கையைத் தொடர்வேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அங்கேதான் நாம் எழுந்து கேட்டிருக்கவேண்டும்: எந்தப் பண்டாரநாயக்காவின் கொள்கை? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தவரின் கொள்கையா? 1957இல் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தவரின் கொள்கையா? 1958 ஏப்ரலில் அதே ஒப்பந்தத்தைக் கைவிட்டவரின் கொள்கையா?

ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 இடங்களை வென்றது. 21ஆம் நாள் அம்மையார் பதவியேற்று, உலகின் முதற்பெண் பிரதமரானார். மக்கள் சபையிலே இடமில்லாமையால் செனற் சபை வழியாக வந்தார். 1961 ஜனவரி முதலாம் நாள் தனிச் சிங்களச் சட்டம் முழு வேகத்தில் அமலுக்கு வந்தது. நீதிமன்றத்திற்கும் சிங்களம் என்று சட்டமாயிற்று. பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. நமது தாய்மாரும் வெயிலிலே அமர்ந்தனர். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் பிறந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30இல் சாஸ்திரியுடன் ஒப்பந்தம்: மலையகத்திலே வியர்வை சிந்திய மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. அம்மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆட்சி நடத்தத் தெரியாதவர் என்று நகைத்தார்களே, அவர்களுடைய மதிப்பீடும் பொய்த்தது. 1962இல் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் தீட்டிய சதியை அந்த அரசு முறியடித்தது. அம்மையாருக்குத் திறமை நிறையவே இருந்தது. அந்தத் திறமை எத்திசையிற் பாயும் என்பதல்லவா நமக்கு வேண்டிய செய்தி!

நெடுங்காலம் கழித்து, 2019 நவம்பரிலே, கோத்தபாய ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றார். அவரும் அதற்குமுன் எத்தேர்தலிலும் நில்லாதவரே. தெற்கிலே பலர் அவரைச் செயல்வீரர் என்றனர், நம்மவர் அஞ்சினர். அச்சத்திற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெறுமதி சேர் வரியை 8 வீதமாக்குவதாக அவரது அறிக்கையிலே அச்சிட்டிருந்ததை எத்தனைபேர் வாசித்தோம்? வென்றவுடன் 15 வீதமாயிருந்த வரியை அவ்வாறே குறைத்தார். திறைசேரியின் வருவாய் சரிந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென்று அறிவித்தது. ஜூலையில் அவர் நாட்டைவிட்டே ஓடினார்.

அறிக்கையும் பொய்க்குமே என்பீர்கள். பொய்க்கும். இயற்கை உரத்துக்கு மாறப் பத்தாண்டு என்று எழுதியவர், 2021இல் ஒரே நாளிற் செய்வதுபோல் இரசாயன உரத்தைத் தடுத்தார். ஆயினும் எழுத்து கையில் இருந்தால், கேட்பதற்கு ஒரு பிடியாவது உண்டு. முகத்தைப் பார்த்துப் போட்ட வாக்குக்கு எந்தப் பிடியும் இல்லை.

சந்தையடியில் மறித்த அன்பரிடம் இறுதியாக ஒன்று கேட்டோம்: "அந்த அபேட்சகர் வீடுவீடாகக் கொடுத்த துண்டுப்பிரசுரம் உம்மிடம் இருக்கிறதா?" வீட்டில் எங்கோ கிடக்கிறது என்றார். கூட்டம் முடிவதற்குள் எடுத்துவாரும் என்றோம். பொலிஸ் நிலையத்திலே தமிழில் முறைப்பாடு எழுதுவதைப் பற்றி அதில் ஏதாவது சொல்லியிருக்கிறதா? தோட்ட மக்களின் காணியைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? அவர் எந்தக் கட்சியின் கொறடாவுக்குக் கட்டுப்பட்டுக் கையுயர்த்துவார்? அதோ, அன்பர் வந்துவிட்டார். கையிலே தாளும் இருக்கிறது. மேடைக்கு வாரும் ஐயா, எல்லோரும் கேட்க நீரே வாசியும்!