நேரமாகிவிட்டது என்று கடந்து போனவர்கள்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை. பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 10:25-37)



நல்ல சமாரியர் உவமையை இன்று மீண்டும் கேட்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் நடித்துக் காட்டிய நாளிலிருந்தே நமக்குத் தெரிந்த கதை இது. யார் குரு, யார் லேவியர், யார் கள்வர், யார் கழுதை என்று சண்டை போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டு நடித்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். கதை முடிந்ததும், சமாரியரைப்போல வாழ வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். இவ்வளவு நன்றாகத் தெரிந்த கதை என்பதாலேயே அது நம்மைத் தொடாமல் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம், அமெரிக்காவில் நடந்த ஓர் உளவியல் ஆய்வு.

பிரின்ஸ்டன் என்ற ஊரில் பிரெஸ்பிட்டேரியன் சபையின் இறையியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. போதகர்களாகப் போகிறவர்கள் படிக்கும் இடம். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்தக் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 1973ஆம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரை ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியர் உவமை. மற்றவர்களுக்கு, குருமாணவர்களுக்கு ஏற்ற வேலைகள் பற்றிய தலைப்பு.

புறப்படும்போது சிலரிடம், "இன்னும் சில நிமிடம் இருக்கிறது, மெல்லப் போங்கள்" என்றார்கள். சிலரிடம், "எல்லாம் தயாராக இருக்கிறது, உடனே போங்கள்" என்றார்கள். வேறு சிலரிடம், "ஏற்கெனவே நேரமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்றார்கள். போகும் வழியில் ஒரு சந்து. அங்கே ஒரு வாசற்படியில் ஒருவர் தலை கவிழ்ந்து, கண் மூடிச் சரிந்து கிடக்கிறார். ஆள் நெருங்கும்போது இருமுகிறார், முனகுகிறார். அவர் ஆய்வாளர்களே அங்கு இருத்திவைத்த ஆள். மாணவர்களுக்கு அது தெரியாது.

என்ன நடந்தது தெரியுமா? 40 பேரில் 16 பேர்தான் ஏதாவது ஒரு வகையில் உதவ முன்வந்தார்கள். அவசரமில்லாமல் போனவர்களில் உதவியவர்கள் 63 விழுக்காடு. உடனே போகச் சொல்லப்பட்டவர்களில் 45 விழுக்காடு. நேரமாகிவிட்டது என்று அனுப்பப்பட்டவர்களில் வெறும் 10 விழுக்காடு. நல்ல சமாரியரைப் பற்றி உரையாற்றப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக உதவியதாகத் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். சமாரியரைப் பற்றிப் பேசப் போன அவசரத்தில், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனவர்களும் உண்டு.

அன்பார்ந்தவர்களே, இதைக் கேட்டு அந்த மாணவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நிற்காமல் போனவர்களில் பலர் உரையாற்ற வந்து சேர்ந்தபோது பதற்றத்துடன் காணப்பட்டார்கள் என்பதையும் அந்த ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே மனச்சான்று பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கால்தான் நிற்கவில்லை.

இப்படிப்பட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டுச் சிலர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதைச் சூழ்நிலைதான் தீர்மானிக்கிறது, அப்படியிருக்க ஒழுக்கம், மனச்சான்று என்றெல்லாம் பேசி என்ன பயன் என்கிறார்கள். நாம் ஏன் கடந்து போகிறோம் என்பதை உளவியல் விளக்குகிறது. நல்லது, அந்த விளக்கம் நமக்குத் தேவை. ஆனால் அந்த விளக்கம் கடந்து போவதற்கான அனுமதிச்சீட்டு ஆகிவிடாது. நேரமாகிவிட்டது என்று அனுப்பப்பட்டவர்களில் பத்தில் ஒருவர் நின்றார் என்பதை மறந்துவிடாதீர்கள். அவருக்கும் நேரமாகிவிட்டிருந்தது. அவருக்காகவும் ஆட்கள் காத்திருந்தார்கள். இருந்தும் நின்றார்.

சரி, மறைநூல் படித்தவர்களின் நிலை இது. மனித மனத்தையே பாடமாகப் படித்தவர்கள் என்றால் கட்டாயம் நிற்பார்களா? அதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு.

1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜிம்பார்டோ என்ற உளவியல் பேராசிரியர், துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு போலிச் சிறையை அமைத்தார். நாளொன்றுக்கு 15 டாலர் சம்பளத்துக்கு வந்த கல்லூரி இளைஞர்களில் சிலரைக் கைதிகள் ஆக்கினார், சிலரைக் காவலர்கள் ஆக்கினார். கைதிகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. கணுக்காலில் சங்கிலி. இரண்டு வாரம் நடத்துவதாகத் திட்டம். நாளாக நாளாகக் காவலர்கள் கைதிகளை அவமானப்படுத்தத் தொடங்கினார்கள், தூங்கவிடாமல் வதைத்தார்கள். சில இளைஞர்கள் மனம் உடைந்து அழுததால் முன்னதாகவே வெளியே அனுப்பப்பட்டார்கள். ஆய்வு நிற்கவில்லை. மற்றவர் துன்பத்தைப் பார்க்க வேண்டிய பேராசிரியர், சிறைக் கண்காணிப்பாளர் வேடத்திலேயே ஊறிப்போயிருந்தார். அதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த நாட்களில் பெற்றோர்கள் வந்து பார்த்தார்கள், நண்பர்கள் வந்தார்கள். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு கத்தோலிக்கக் குருவும் வந்தார். சிறைப்பணியில் அனுபவம் உள்ளவர். கைதிகளிடம் ஒவ்வொருவராகப் பேசினார், வழக்கறிஞர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். ஆனால் இது தவறு, இதை நிறுத்துங்கள் என்று சொன்னவர் அவர் அல்லர். உவமையில் வரும் குரு என் நினைவுக்கு வருகிறார். அந்தக் குருவின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஐந்தாம் நாள் இரவு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இளம்பெண் அங்கு வந்தார். அப்போதுதான் உளவியலில் முனைவர் பட்டம் முடித்தவர். ஜிம்பார்டோவுக்கு நெருக்கமானவர், பின்னாளில் அவரையே மணந்தவர். கைதிகளின் தலையில் பையைக் கவிழ்த்து, கால்களைச் சங்கிலியில் பிணைத்து, வரிசையாகக் கழிப்பறைக்கு நடத்திப் போவதைப் பார்த்தார். அவரால் தாங்க முடியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்வது கொடுமை என்று பேராசிரியரின் முகத்துக்கு நேரே சொன்னார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. கடைசியில் பேராசிரியருக்குக் கண் திறந்தது. ஆறாம் நாளே சிறை மூடப்பட்டது. வெளியிலிருந்து வந்து பார்த்த ஐம்பது பேர் அளவில் அதன் நேர்மையைக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று ஜிம்பார்டோவே பிறகு எழுதினார். அந்த ஆய்வின் முடிவுகளை நம்ப முடியாது, காவலர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது என்று இன்று பல அறிஞர்கள் குறை சொல்கிறார்கள். அது ஆய்வின் குறை. அந்தப் பெண் நின்று கேட்ட கேள்வியின் மதிப்பு அதனால் குறையவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி இருந்தது. இளைஞர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நாடுகள்தோறும் ஆய்வு விதிகள் கடுமையாக்கப்பட்டன. மனிதரை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கு இன்று எத்தனையோ கட்டுப்பாடுகள் உண்டு. அவை கட்டாயம் வேண்டும். ஆனால் அன்றிரவு அந்தப் பெண்ணைப் பேச வைத்தது விதிப்புத்தகம் இல்லை. எண்களாக நடந்து போனவர்களை அவர் பிள்ளைகளாகப் பார்த்தார். அவ்வளவுதான்.

இன்றைய நற்செய்தியில் வரும் திருச்சட்ட அறிஞரும் விதி தெரிந்தவர்தான். எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டு, எதுவரை என் கடமை, எங்கே அது முடிகிறது என்று எல்லைக்கோடு போடப் பார்க்கிறார். இயேசு அவருக்குக் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. வழியில் ஒரு மனிதரைக் கிடத்திக் காட்டுகிறார். அந்த வழியே வந்த சமாரியரும் பயணத்தில் இருந்தவர். அவருக்கும் போய்ச் சேர வேண்டிய ஊர் இருந்தது, முடிக்க வேண்டிய வேலை இருந்தது. அவர் கண்ட காட்சியைத்தான் குருவும் லேவியரும் கண்டார்கள். அவர் மட்டும் அருகில் போனார்.

நேயர்களே, இப்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றுப்படுத்துதல் பட்டயப் படிப்பை முடித்தேன். சற்று முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், அவர் சொன்னதை நம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் என்னைத் தேடி வந்தான். ஆறு மணிக்கு எனக்குப் பங்குப் பேரவைக் கூட்டம். அவன் பேசப் பேச நான் முன்னால் சாய்ந்தேன், தலையசைத்தேன். "உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, இல்லையா?" என்று படித்தபடியே கேட்டேன். எல்லாம் பாடப்படி சரியாகத்தான் செய்தேன். பாதியிலேயே அவன் எழுந்துவிட்டான். "பரவாயில்லை ஃபாதர், உங்களுக்கு நேரமாயிடுச்சு போல. மூணு தடவ கடிகாரத்தப் பாத்துட்டீங்க" என்றான். நாளைக்கு வா என்றேன். சரி என்றான். வரவில்லை.

மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேடி வெளியூர் போய்விட்டான் என்று அவன் அம்மா சொன்னார்கள். "உங்ககிட்ட பேசிட்டு வர்றேன்னுதான் சாமி அன்னைக்குப் போனான்" என்றார்கள். அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் அறைக்குத் திரும்பியதும் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினேன். இன்றும் அந்த ஆணி வெறுமையாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அவன் தொலைபேசியில் பேசினான். நலமாக இருக்கிறான். அன்று கூட்டத்தை நினைத்துக்கொண்டிருந்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். அவன் மன்னித்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

எனவே உளவியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேய்ப்புப் பணிக்கு உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965ஆம் ஆண்டில் கேட்டுக்கொண்டது. உங்கள் வீட்டில் ஒருவர் மனநோயால் துன்புற்றால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செபமும் செய்யுங்கள், மருந்தும் கொடுங்கள். சமாரியரும் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்த பிறகுதான் சாவடிக்குக் கொண்டுபோனார். ஆனால் அந்த எண்ணெயை வார்க்கும் கை யாருடைய கை என்பது முக்கியம். மனத்தைப் பற்றிய அறிவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைக் கையாளுகிறவரின் மனச்சான்று உறங்கினால், எதிரில் இருப்பவர் ஓர் எண்ணாக, ஒரு கேஸாகச் சுருங்கிவிடுவார்.

இந்த வாரம் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருப்பலி முடிந்ததும் வண்டி எடுக்க ஓடுகிறோம், கறிக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடுமே என்று. அந்த ஓட்டத்தில் யாரைக் கடந்து போகிறோம் என்று பாருங்கள். கணவரை இழந்து கடைசி வரிசையில் தனியாக உட்காரும் அக்காவாக இருக்கலாம். கொஞ்ச நாளாக வீட்டில் யாரோடும் பேசாத நம் மகனாகவே இருக்கலாம். ஐந்து நிமிடம் நில்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். அவர் மனம்விட்டு ஏதாவது சொன்னால் அதைத் தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள். நம்பிச் சொன்ன சொல்லைக் காப்பதும் காயத்தைக் கட்டுவதுதான்.

மன்றாடுவோம். இரக்கத்தின் ஆண்டவரே, எரிகோ சாலையில் கிடந்தவரைக் கடந்து போகாத உம் மகனின் இதயத்தை எங்களுக்குத் தாரும். மனநல மருத்துவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், ஆசிரியர்கள், குருக்கள், பெற்றோர்கள் ஆகிய எங்கள் அனைவரின் மனச்சான்றையும் விழிப்பாகக் காத்தருளும். எங்களைத் தேடி வந்து பேசாமலே திரும்பிப் போனவர்களை நீரே தேடிச் சென்று தேற்றியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.