கிளட்ச்ல திரும்பத் திரும்ப ஏர்: ஈரமான மேட் சொன்ன சேதி

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

நிறைய பேர் வாய்ஸ் மெசேஜ்ல ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "ஹைட்ராலிக் கிளட்ச். ஏர் எடுத்தா ஒரு வாரம் நல்லா இருக்கு, அப்புறம் பெடல் மறுபடி தரைக்குப் போயிடுது. என்ன காரணம்?" இதைப் பத்திப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கு. மூணு மாசம் இதே பிரச்சினையில அலைஞ்சவன் நான்.

நான் ஓட்டுறது ஜமுனாமரத்தூர் – போளூர் பக்கம். சாமை மூட்டை, புளி, பலாப்பழம், ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, எல்லாரையும் எல்லாத்தையும் ஏத்துற பழைய டீசல் வண்டி. ஜவ்வாது மலைச் சாலையில ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் கிளட்ச்சை மிதிச்சே ஆகணும். கீழே சமவெளியில ஒரு நாள் முழுக்க மிதிக்கிறதை இங்க ஒரு டிரிப்புலயே மிதிச்சிடுவோம். அதனால கிளட்ச்சுல சின்னக் கோளாறு இருந்தாலும் மலை அதைச் சீக்கிரம் காட்டிக் கொடுத்துடும்.

மாருதி 800 மாதிரி வண்டிகள்ல கிளட்ச்சுக்குக் கேபிள்தான். ஹைட்ராலிக்ல கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில். பெடலுக்குப் பின்னாடி மாஸ்டர் சிலிண்டர், நம்ம ஊர் மெக்கானிக் சிலர் 'அப்பர்'னு சொல்வாங்க. கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், அது 'லோயர்'. நடுவுல பைப்பும் ஒரு ரப்பர் ஹோஸும். ஆயிலை அமுக்க முடியாது, அதனால மிதிச்ச மிதி அப்படியே கீழே போய்ச் சேரும். காத்தை அமுக்க முடியும். உள்ள குமிழ் இருந்தா நம்ம மிதி குமிழை அமுக்குறதுலயே தீந்துடும். கிளட்ச் முழுசா விடாது, கியர் கறகறன்னு கத்தும்.

எனக்கு ரொம்ப நாளா புரியாத இடம் இது: கீழே ஒரு சொட்டு ஒழுகல, அப்ப காத்து எப்படி உள்ள போகும்? மிதிக்கும்போது உள்ள அழுத்தம் ஏறுது. ரப்பர் கப்போட உதடு விரிஞ்சு சிலிண்டர் சுவரோட ஒட்டிக்குது, ஆயில் வெளியே வராது. காலை எடுக்கும்போது பிஸ்டன் வெடுக்குன்னு திரும்பும். அந்த நொடி உள்ள லேசா ஒரு உறிஞ்சல். தேஞ்ச கப் அழுத்தத்தைத் தாங்கும், உறிஞ்சலைத் தாங்காது. காத்து நுழைஞ்சிடும். அப்ப ஏர் எடுக்குறது வைத்தியம் இல்ல, சளி சிந்துற மாதிரிதான். காத்து வர்ற வழி அப்படியே இருக்கு.

என் கதைக்கு வர்றேன். முதல்ல ஸ்லேவுக்குக் கிட் போட்டாங்க. பத்து நாள் தாங்குச்சு. அப்புறம் ஸ்லேவையே புதுசா மாத்தினோம். பன்னெண்டு நாள். அடுத்து ஹோஸ். அதுவும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் பாகத்தைப் பாத்துத்தான் மாத்தினோம், கோளாறைப் பாத்து இல்ல.

அந்த நேரத்துலதான், கார்த்திகை மாசம் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மூச்சு இழுத்துச்சு. ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். பாதி இறக்கத்துல பெடல் தரையோட போயி மேல வரவே இல்ல. காலால கொக்கி போட்டு இழுத்துப் பாத்தேன், பஞ்சு மாதிரி இருந்துச்சு. என்ன பண்ணினேன்னா, வண்டியை நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணி, முதல் கியர் போட்டுட்டு அப்படியே செல்ஃப் அடிச்சேன். ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பிடும். ஓடுற வேகத்துக்கு இன்ஜின் சத்தம் ஒத்துப்போற நேரம் பாத்து ரெண்டாவது கியரைத் தள்ளினேன். அதே ரெண்டாவதுலயே போளூர் வரைக்கும். பெரியம்மா நல்லா இருக்காங்க. "அன்னிக்கு ஏம்பா மாட்டு வண்டி மாதிரி குலுக்கின"ன்னு இப்பவும் கேப்பாங்க.

மறுநாள் போளூர்ல வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போனேன். அவர் ஸ்பேனரையே தொடல. "தம்பி, ஆயில் எவ்வளவு ஊத்துற?"ன்னு கேட்டார். "ரெண்டு வாரத்துக்கு ஒரு விரக்கடை குறையும்ணே"ன்னேன். "குறையுதுன்னா எங்கயோ போகுதில்ல? கீழே ஒழுகலன்னா மேல ஒழுகுது." டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கினார். ஈரம். மழைத் தண்ணின்னு நான் தினமும் துடைச்சுக்கிட்டு இருந்த ஈரம். "மழைத் தண்ணி வெயில்ல காஞ்சிடும். இது காஞ்சுதா?"ன்னார். டார்ச் அடிச்சுக் காட்டினார்: பெடல் கம்பிக்கு மேல, மாஸ்டர் சிலிண்டரோட பின்பக்கம் இருந்து கோடு மாதிரி வழிஞ்சு, வழிஞ்ச இடமெல்லாம் பெயிண்ட் கொப்புளிச்சு உரிஞ்சிருந்துச்சு. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். அவ்வளவு பெரிய சாட்சி என் கால்மாட்டுலயே இருந்திருக்கு.

கழட்டிப் பாத்தா உள்சுவத்துல துருக் குழி, நகம் வச்சா தட்டுது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், வருஷக்கணக்கா மாத்தாம விட்டா இப்படித்தான். குழி விழுந்த சிலிண்டர்ல புதுக் கிட் போட்டா அந்தக் கப்பையும் அது கிழிச்சிடும். முழு மாஸ்டரையும் மாத்தினோம். புஷ் ராடுக்குக் கொஞ்சம் விளையாட்டு விட்டார். அது இல்லன்னா மாஸ்டர்ல இருக்கிற சின்ன ஓட்டை எப்பவும் மூடியே இருக்கும், குமிழ் டேங்குக்கு ஏற வழி கிடைக்காது.

நீங்க வீட்டுலயே பாக்கக்கூடியது கொஞ்சம் இருக்கு. டேங்குல மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி வைங்க. ரெண்டு மூணு தடவை வேகமா மிதிச்சா பெடல் மேல ஏறுதுன்னா பெரும்பாலும் காத்து. அழுத்திப் பிடிச்சிருக்கும்போதே மெதுவா இறங்குதுன்னா மாஸ்டருக்குள்ளயே கப் வழிவிடுது. ஸ்லேவோட ரப்பர் உறையை லேசா விலக்கிப் பாருங்க, ஈரம் இருந்தா அங்கதான். மலை வண்டிக்காரங்களுக்கு இன்னொண்ணு: டேங்குல ஆயில் குறைவா இருந்தா, செங்குத்தா ஏறும்போது ஆயில் ஒரு பக்கம் சாஞ்சு ஓட்டை காத்துல திறந்துக்கும். சமவெளியில வராத ஏர் இப்படி மேல வரும். பழைய ஆயில் சூட்டுல கொதிச்சும் குமிழ் விடலாம். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா அந்த அளவு 140க்கு இறங்கிடலாம். ஆறவிட்டா பெடல் தானா திரும்புதுன்னா இதைச் சந்தேகப்படுங்க.

ஏர் எடுக்கும்போது ரெண்டு பேர் வேணும். நிப்பிளை மூடின பிறகுதான் மேல இருக்கிறவர் காலை எடுக்கணும். முன்னாடியே எடுத்தா நாமளே காத்தை உள்ள இழுத்து விடுறோம். என் மச்சான் இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தான், அதனாலயும் ரெண்டு பாட்டில் ஆயில் வீணாச்சு. அவன் இதைக் கேட்டுட்டுச் சண்டைக்கு வருவான், பரவால்ல.

மாஸ்டர் மாத்தி ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு. டேப் ஒட்டின இடத்துலயே ஆயில் நிக்குது. அடுத்த எபிசோடுல இறக்கத்துல பிரேக் டிரம் சூடாகுறதைப் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க. வரட்டுங்களா.