கால் வழங்காத கோழி



சென்ற மாரிகாலத்தில் எங்கள் வீட்டுப் புள்ளிக்கோழி ஒருநாட் காலை கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. கூட்டினுட் கைவிட்டுத் தூக்கி முற்றத்தில் நிறுத்தினேன். இரண்டடி வைத்து, இரு கால்களும் தளர்ந்து, பின்புறமாகச் சாய்ந்து குந்திக்கொண்டது. கண்ணிலே தெளிவு இருந்தது, காலிலே வலுவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற எண்பது வயது ஆச்சி பார்த்துவிட்டு, “தம்பி, கால் வழங்காத கோழி இனித் தேறாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, இண்டைக்கே கறியாக்கிப் போடும்” என்றார். எட்டு வயதுப் பேர்த்தி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று முழுவதும் அவள் ஆச்சியுடன் பேசவில்லை.

கோழிக்குக் கால் தளர்வதற்குக் காரணம் ஒன்றன்று. உள்ளங்காலிற் புண் இருக்கலாம். நூலோ தலைமயிரோ காலைச் சுற்றி இறுக்கியிருக்கலாம். முட்டை உள்ளே தடைப்பட்டிருக்கலாம். அடுத்தடுத்து முட்டையிட்டு உடம்பின் சுண்ணச் சத்துக் குறைந்திருக்கலாம். ஒரு கால் முன்னும் மறு கால் பின்னுமாக நீண்டு கிடந்தால் மாரெக் நோயோ என்று ஐயுற வேண்டும். அது வைரசினால் வருவது. வந்தபின் தீர்க்க மருந்தில்லை, குஞ்சு பொரித்தவுடன் இடும் தடுப்பூசியே காவல். கழுத்தும் முறுகி, பல கோழிகள் ஒருங்கே விழுந்தால் ராணிக்கெட் நோயாகவும் இருக்கலாம். அப்பொழுது வீட்டு வைத்தியம் செய்துகொண்டிராமல் உடனே மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். ஆச்சி சொன்னதுபோற் சட்டியில் ஏற்றுவதும் தகாது. காரணம் அறியாத நோயுற்ற கோழியை உண்ணலாகாது.

எங்கள் கோழியிடம் புண்ணுமில்லை, கட்டுமில்லை. மிருக வைத்தியர் அதைத் தொட்டுப் பார்க்குமுன் என்னைப் பார்த்துக் கேட்டார்: “என்ன தீன் போடுகிறீர்கள்?”

அங்கேதான் நான் தலைகுனிந்தேன். மழையும் கீரிப் பயமும் காரணமாக ஒரு மாதமளவாகக் கோழியை வெளியே விடவில்லை. புழுவும் பூச்சியும் புல்லும் அதற்குக் கிட்டவில்லை. பேர்த்தி அன்பு மிகுதியால் தன் கோப்பையிலிருந்த தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றையே மூன்று வேளையும் ஊட்டி வந்தாள். தவிடு கோழிக்கு இழிந்த உணவென்று அவள் எண்ணியிருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

வைத்தியரின் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு உண்டு. யாவாத் தீவிலே, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியா நகரில், 1890ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கிறிஸ்தியான் ஐக்மன் என்ற ஒல்லாந்து மருத்துவர் பெரிபெரி நோய்க்குரிய கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில், மருந்தேதுமின்றி, தாமாகவே நோய் நீங்கின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. கோழிகளுக்குத் தீனிட்டவர் இராணுவ மருத்துவமனையின் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்தார். பின்னர் வந்த சமையற்காரரோ, இராணுவத்துச் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்! அந்தக் கண்டிப்பு கோழிகளைக் காப்பாற்றியது. அரிசியில் ஏதோ நஞ்சுண்டு என்றே ஐக்மன் முதலிற் கருதினார். நஞ்சு இருப்பதன்று, தவிட்டோடு போய்விட்ட ஒரு சத்து இல்லாமையே காரணம் என்று 1901இல் எடுத்துரைத்தவர் அவருக்குப் பின் அங்கு ஆராய்ந்த கெரிற் கிரெயின்ஸ். அச்சத்தையே இன்று தயமின் அல்லது விற்றமின் பீ1 என்கிறோம். ஐக்மனுக்கு 1929இல் நொபெல் பரிசு கிடைத்தது. சமையற்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளே ஊறி நிற்கின்றது. ஆதலால் எங்கள் புழுங்கலரிசி தீட்டிய பின்னும் முற்றாக வறுமையுறுவதில்லை.

வைத்தியர் தயமின் ஊசி ஏற்றினார். “இக்குறையே காரணமாயின் சில நாட்களில் தெரியும், தெரியாவிட்டால் வேறு காரணம் தேடுவோம்” என்றார். மிகுதி எங்கள் கையிலிருந்தது. அகன்ற கடகத்தில் வைக்கோல் பரப்பிக் கோழியை இருத்தினோம். தீனும் நீரும் தலையைத் திருப்பினால் அலகுக்கு எட்டும்படி வைத்தோம். கால் வழங்காத கோழி பல வேளை நோயினாலன்றித் தாகத்தினாலேயே சாகின்றது. நீரை வாயில் ஊற்றலாகாது, மூச்சுக்குழலுட் போய்விடும். அலகின் ஓரத்திலே துளித் துளியாகத் தொட்டுவைக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்து மார்பு புண்படாதவாறு அடிக்கடி இடம் மாற்றினோம். எச்சம் ஒட்டிய இறகை இளஞ்சூட்டு நீராற் கழுவித் துடைத்தோம். பழந்துணியிற் கால்கள் புகுமளவு இரு துளையிட்டுத் தொட்டில்போற் கட்டி, பாதம் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கச் சிறிது நேரம் தூக்கி நிறுத்துவது பேர்த்தியின் வேலை. தவிடு கலந்த குரக்கன் மாவும், அவித்த பயறும், நறுக்கிய கீரையும் தீனாயின. முதல்நாள் அது தவிட்டை முகர்ந்தும் பார்க்கவில்லை. சோற்றுக்காகக் கோப்பையையே நோக்கியிருந்தது. அந்தப் பார்வைக்கு இரங்காதிருப்பதுதான் பேர்த்திக்கு எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது.

மூன்றாம் நாள் விரல்களை விரித்து ஊன்றியது. ஐந்தாம் நாள் கடகத்தின் விளிம்பைப் பற்றி எழுந்து நின்று, மறுபடி விழுந்தது. பத்தாம் நாள் முற்றத்தைக் கடந்தது.

இப்பொழுது அது வளவில் மேய்கின்றது. ஓடும்போது மட்டும் இடக்கால் சற்றுப் பிந்துகின்றது. ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “எப்ப பிள்ளை முட்டையிடப் போகுது?” என்று கேட்கிறார். பேர்த்தி இன்னும் அவருக்கு மறுமொழி சொல்வதில்லை.