இரவல் சேலையும் இடுப்புக் கந்தையும்



ஒருவர் தொழிலை நாம் எப்படி எடை போடுகிறோம்? எத்தனை லேத் ஓடுகிறது, ஷெட் சொந்தமா வாடகையா என்று கேட்போம். பேங்க் மேனேஜர் கேட்பதும் அதைத்தான்.

2004-இல் ஏர்டெல் இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. கணினிகளை ஐபிஎம்மிடம் பத்து வருட ஒப்பந்தத்தில் விட்டது. செல்போன் வலையமைப்பை எரிக்சன் போன்றவர்களிடம் விட்டது. சமையல்காரர் அடுப்பை விற்ற கதைதானே இது? இல்லை. வலையமைப்புக் கருவிக்கு விலை கொடுக்காமல், ஓடுகிற பேச்சின் அளவுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்த அளவைக்கு எர்லாங் என்று பெயர், டென்மார்க் கணித அறிஞர் ஒருவரின் பெயர். 2007-இல் கோபுரங்களும் போயின. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் தொடங்கின. வாடிக்கையாளருக்காக அடித்துக்கொள்கிறவர்களின் ஆன்டெனாக்கள் ஒரே கம்பத்தில் தொங்கின!

ஆனால் ஏர்டெல் எதை விடவில்லை என்று பாருங்கள். அலைக்கற்றை உரிமம், வாடிக்கையாளர், பெயர். அவற்றை யாரிடமும் தரவில்லை.

நெட்ஃபிளிக்ஸையும் சொல்கிறேன். 2008-இல் அதன் தரவுத்தளம் கெட்டு, மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்தது. அதன்பின் அமேசானின் கிளவுடுக்குக் குடிபோகத் தொடங்கி, 2016 ஜனவரியில் முடித்தது. அமேசானோ படம் காட்டும் தொழிலில் அதற்கே போட்டியாளர்! ஆனாலும் படங்களை நம் வீட்டுக்கு அனுப்பும் பெட்டிகளை நெட்ஃபிளிக்ஸ் தானே வடிவமைத்து, இணைய சேவை நிறுவனங்களின் இடத்தில் வைத்திருக்கிறது. எதை வாடகைக்கு எடுக்கலாம், எது நம் கையில் இருந்தாக வேண்டும் என்று பிரித்துப் பார்த்த புத்தி அது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸோ, வளர்ந்த பிறகு, வாடகைக் கிளவுடிலிருந்து பெரும்பகுதியைத் தன் சொந்தச் சர்வர்களுக்கே மாற்றிக்கொண்டது.

சிறுதொழில் பட்டறை நடத்தும் நம் கதைக்கு வருவோம். பில் போடும் மென்பொருளுக்கு மாதச் சந்தா. டிராயிங் எல்லாம் கிளவுடில். சிஎன்சி மெஷின் நம்முடையது, அதன் பாஸ்வேர்டு விற்றவர் சட்டைப்பையில்! இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று நம் கிழவிகள் சொன்னது இதற்குத்தான். வாடகை தப்பில்லை. இருபது வருடக் கட்டிங் அனுபவத்தையும் வாடிக்கையாளர் பட்டியலையும் அந்தச் சேலையோடு முடிந்து கொடுப்பதுதான் தப்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த சந்தா கட்டும் முன், விற்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "நாளைக்கே நான் விலகினால், என் டிராயிங்கும் கணக்கும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் என் கைக்கு வரும்?" பதிலை எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.