இந்தக் குடை யாருடையது?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற ஆக்க எழுத்துப் பயிலரங்கில், உயர்தர வகுப்பு மாணவிகள் முன்னிலையில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய தொடக்கவுரை)



‘எழுதுவதற்கான உந்துதல் எங்கிருந்து வருகிறது’ என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. கடிதம் கிடைத்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிலவைப் பார்த்தோ கடலைப் பார்த்தோ எனக்கு ஒரு கதையும் வந்ததில்லை. என் கதைகள் வந்த வழியைச் சொன்னால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். ஆனாலும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் ஒருநாள் ‘ஒரு குடையின் சுயசரிதை’ என்று கட்டுரை எழுதித் தரச் சொன்னா. இந்தத் தலைப்பு உங்களுக்கும் வந்திருக்கும். இலங்கையில் தமிழ் படித்த எந்தப் பிள்ளையும் ஒரு குடைக்கோ கதிரைக்கோ சுயசரிதை எழுதாமல் தப்பியதில்லை. நானும் எழுதினேன். நான் ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன், கடைக்கு வந்தேன், ஒரு நல்லவர் என்னை வாங்கினார், இப்போது கிழிந்து மூலையில் கிடக்கிறேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. கொப்பி திரும்பி வந்தபோது புள்ளி போடப்படவில்லை. அடியில் சிவப்பு மையில் ஒரு கேள்விதான் இருந்தது: ‘இந்தக் குடை யாருடையது?’

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று பின்னேரம் வீட்டில் குடையைப் பார்த்தேன். அது அப்பாவின் குடை, கறுப்பு, வளைந்த மரப்பிடி. மழைக்கும் வெயிலுக்கும் அதை அம்மா எடுப்பதேயில்லை, சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு போவா. ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். “அது ஆம்பிளையள் பிடிக்கிற குடை” என்றா. அப்பா செத்து அப்போது நாலு வருடம். அந்த ஒரு வசனத்தை வைத்துக் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். பதினைந்துக்குப் பதினொன்று கிடைத்தது. எங்கள் ரீச்சர் புள்ளி போடுவதில் அவ்வளவு தாராளம் இல்லை.

பிறகு வானொலிக் காலம். ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சிக்குப் பிரதி எழுதி அனுப்பாத பிள்ளை எங்கள் வகுப்பில் குறைவு. அதில் காதலர்கள் பிரிவார்கள், ஒருவர் இறப்பார், இடையிடையே பாட்டு வரும். நாங்கள் ஒருவரும் காதலித்ததில்லை. ஆனால் சந்தையில் மீன் வாங்கத் தெரிந்தவர்கள், கிணற்றடியில் இரண்டு வீட்டுச் சண்டையையும் கேட்டவர்கள். அதையெல்லாம் எழுதத் தகாதது என்று நினைத்தோம். மங்களநாயகம் தம்பையா 1914ஆம் ஆண்டிலேயே ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை எழுதிவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குள் ஒரு மனைவி படும் துயரம்தான் அதன் பொருள். 1986இல் எங்கள் பெண்களின் கவிதைகள் தொகுப்பாக வந்தபோது அதற்கு ‘சொல்லாத சேதிகள்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டுக்கும் இடையில் எழுபத்திரண்டு வருடம். எழுதப் பொருள் இல்லை என்று இந்த மண்டபத்தில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

பொருள் இருக்கிறது. ஆனால் அது அநேகமாக இன்னொருவருக்குச் சொந்தமானதாக இருக்கும். இதைத்தான் நான் பிழை விட்டுப் படித்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருந்தா. புருஷன் கப்பலுக்குப் போனவர். முதலில் கடிதம் ஒழுங்காக வந்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. தபாற்காரர் பத்தரை மணியளவில் எங்கள் ஒழுங்கைக்கு வருவார். பத்து மணிக்கே அக்கா வாளியோடு படலையடிக்கு வந்து குரோட்டன் கண்டுகளுக்குத் தண்ணீர் விடத் தொடங்குவா. மழைக்காலத்திலும் விடுவா. தபாற்காரர் மணி அடிக்காமல் கடந்து போனதும் வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போவா. தான் காத்து நிற்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அந்தத் தண்ணீர். எங்கள் யன்னலுக்குள் இருந்து இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று எனக்கு அப்படியொரு பெருமை.

எழுதினேன். எனக்குப் பத்தொன்பது வயது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், புருஷனை ஆசிரியராக்கி மலைநாட்டுக்கு அனுப்பினேன். தண்ணீர் விடுவதை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் கதையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் வந்தது. ஊரே மெச்சியது. இரண்டு நாள் கழித்து அக்கா வேலிப் பொட்டுக்கால் கூப்பிட்டா. பத்திரிகை அவவின் கையில் இருந்தது.

“பிள்ளை, கதை வடிவாத்தான் எழுதியிருக்கிறாய். இனி நான் எந்த முகத்தோட உந்தக் கண்டுகளுக்குத் தண்ணி விடுறது?”

அவ்வளவுதான். ஏசவில்லை. அதன் பிறகு பத்து மணிக்கு அவ வெளியே வரவில்லை. அடுத்த பங்குனி வெயிலில் குரோட்டன் எல்லாம் காய்ந்து போயிற்று. மன்னிப்புக் கேட்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பதின்மூன்று வருடம் அடுத்த வளவில்தான் இருந்தா. நான் கேட்கவில்லை. அந்தப் பதின்மூன்று வருடமும் நான் ஒரு கதையும் எழுதவில்லை. கலியாணம், பிள்ளைகள், படிப்பித்தல் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஜாம் போத்தல் விளக்கில் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திய காலம் அது, காரணத்துக்குக் குறைவில்லை. ஆனால் குறிப்பு எழுதுவதை விடவில்லை. காண்பதையும் கேட்பதையும் தேதி போட்டு எழுதி வைப்பேன், அழகுபடுத்தாமல். அப்படி ஆறு கொப்பிகள் சேர்ந்தன.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. உங்கள் அம்மாமார், அம்மம்மாமார் சொல்லியிருப்பார்கள். செம்மணி வெளியில் அடிமேல் அடி வைத்து நின்று நின்றுதான் நகர முடிந்தது. நல்ல மழை. தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைத் தண்ணீரைக் குடித்தவர்கள் உண்டு. என்னிடமும் ஒரு குடை இருந்தது. மற்றக் கையில் அந்த ஆறு கொப்பிகளும் இருந்த சீலைப்பை. பக்கத்தில் ஒருத்தி கைக்குழந்தையோடு நடந்து வந்தாள். குழந்தையின் தலையில் ஒரு துவாய்த்துண்டு, அதுவும் ஊறிப்போயிருந்தது. அவள் கேட்கவில்லை, என் குடையை ஒருதரம் பார்த்தாள். நான் குடையைக் கொஞ்சம் சரித்தேன். அவள் பக்கம் அல்ல, பையின் பக்கம்.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டச் சனநெரிசலில் அவள் எங்கேயோ பின்தங்கிவிட்டாள்.

1996இல் ஊர் திரும்பியபோது வீட்டில் கூரை பாதிதான் இருந்தது. கொப்பிகள் ஒன்றும் நனையவில்லை. அவற்றைத் திறந்து பார்த்தேன். ஆறு கொப்பி நிறைய மற்றவர்களின் கண்ணீர். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றிரவு குடை பிடித்திருந்த பெண்ணைப் பற்றி எழுதத் தொடங்கினேன், ‘நான்’ என்று தன்மையில். அதைத்தான் என் முதலாவது கதை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கு அனுப்பியது பிறகு, கனகாலம் கழித்து.

அதற்காக மற்றவர்களைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படியென்றால் இலக்கியமே இல்லை. இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இன்னொருவரிடம் கண்ட ஒன்றை எழுதுமுன், அதே போன்ற ஒன்றை நான் எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று தேடுவேன். பத்தொன்பது வயதில் எனக்கும் காத்திருக்க ஒரு கடிதம் இருந்தது. யார் எழுதியது என்று கேட்காதீர்கள், முன்வரிசையில் ரீச்சர்மார் இருக்கிறார்கள். என் காத்திருப்பை எழுதியிருந்தால் குரோட்டனைத் தொட்டிருக்கவே தேவையில்லை.

கண்டதைப் படம் பிடிக்க உங்களிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. எடுங்கள். ஆனால் அன்றிரவே நாலு வரி எழுதியும் வையுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்பதைப் படம் ஞாபகம் வைத்திருக்காது. போன கிழமை ஒரு பிள்ளை எனக்குக் காட்டிய குறிப்பு இது: பஸ்ஸில் ஓர் அம்மா மடியில் மீன் பையோடு இருந்தா, எல்லோரும் மூக்கைப் பொத்தினோம், அவ எழும்பி எங்களுக்காக யன்னலைத் திறந்துவிட்டா. அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மூக்கைப் பொத்திய கையைப் பற்றி எழுதுவாயா? யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறாள். இங்கேதான் எங்கேயோ இருக்கிறாள், பெயர் சொல்லமாட்டேன்.

சரி, என் நேரம் முடிகிறது. தேநீருக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கொப்பியை எடுங்கள். உங்கள் வீட்டில் ஒருவரும் பாவிக்காத, ஆனால் எறியவும் விடாத ஒரு பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். அது யாருடையது என்று எழுதுங்கள். ரீச்சர்மாரும் எழுதலாம். நான் புள்ளி போடமாட்டேன்.