மரம் சாய்ந்தால் அழைப்பு யாருக்குப் போகிறது?



2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர், சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. மோனோரயில் சேவையும் தடைப்பட்டது. இப்படியொரு செய்தி வந்தால், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தை அண்ணாந்து பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவுடன் கைப்பேசியை எடுத்து 'தெபாங் போக்கோக்' என்று தேடுவார்கள்.

கம்போங் மேடானில் ஒரு லோரியும் சங்கிலி ரம்பமும் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே இத்தொழிலைச் செய்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தெருவில் மரம் சாய்ந்தாலும் அழைப்பு அவருக்கு வருவதில்லை. எங்கோ இருக்கும் இடைத்தரகருக்குப் போகிறது. அவர் அதே வேலையைக் குறைந்த கூலிக்கு இவரிடமே தள்ளிவிடுகிறார். உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறுபவர் ஒருவர், இலாபம் பார்ப்பவர் வேறொருவர்.

உள்ளூர்த் தேடலில் கூகுள் முக்கியமாக மூன்றைப் பார்க்கிறது: தேடிய வேலைக்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், பெயர் அறிமுகம். பணம் கட்டி இந்த வரிசையில் முன்னேற முடியாது என்று அந்நிறுவனமே சொல்கிறது. விளம்பரம் தனிக் கணக்கு. ஆகவே 'முதலிடம் வாங்கித் தருகிறேன்' என்று வருபவரிடம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.

கூகுளில் தொழில் பக்கம் திறப்பது இலவசம். இலவசம் என்பதாலோ என்னவோ, பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் வட்டாரங்களை மட்டும் 20 வரை குறிக்கலாம். பெயரில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பதிவு செய்த பெயரோடு 'மலிவு விலை, பி.ஜே., பூச்சோங்' என்றெல்லாம் ஒட்டினால் பக்கமே முடக்கப்படலாம். கிளை கழித்தல், அடிமரம் அகற்றுதல் போன்ற வேலைகளைச் சேவைப் பட்டியலில், மலாயிலும் சேர்த்து எழுத வேண்டும். வாடிக்கையாளர் எல்லாரும் தமிழில் தேடுவதில்லை அல்லவா?

வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடுங்கள். குப்பையை அள்ளி முடித்ததும், வாசலில் நிற்கும்போதே கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். கருத்துக்குப் பணமோ கழிவோ கொடுப்பது விதிமீறல்.

சிலாங்கூரில் இன்னொன்றும் உண்டு. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட, 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இதைப் பக்கத்திலேயே எழுதி வைப்பவரை வீட்டுக்காரர் நம்புவார்.

'24 மணி நேர சேவை' என்று போட்டுவிட்டு, மாலை மழைக்குப் பிறகு வரும் அழைப்பை எடுக்காமல் விட்டால் ஒற்றை நட்சத்திரம்தான் விழும். எடுக்க முடிந்த நேரத்தை மட்டும் போடுங்கள்.